இருபதாம் கோடு: கோல்ஃபின் இரண்டாம் படியில் ஒரு சீசன் எப்படி ஓடுகிறது

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிரெஞ்ச் லிக் என்று ஒரு சிற்றூர். அக்டோபரில் அங்கே நடக்கும் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளை விவரம் தெரியாமல் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அந்த வாரம் முப்பதாவதாக முடித்தவர் வீட்டாரைக் கட்டிக்கொண்டு அழலாம். நாலாவதாக முடித்தவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கலாம். மறுநாள் செய்தியில் முப்பதாமவருக்குக் 'கார்டு கிடைத்தது' என்றும் நாலாமவர் 'கோட்டைத் தவறவிட்டார்' என்றும் இருக்கும். என்ன கார்டு, எந்தக் கோடு?

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தமிழர்களுக்கு கோல்ஃப் மைதானம் அன்னியமான காட்சி கிடையாது. 1909-இல் தோட்டத் துரைமார் தொடங்கிய ஹை ரேஞ்ச் கிளப்பில் 9 குழி மைதானம் உண்டு, குண்டளையில் இன்னொன்று. துரைக்குப் பை தூக்கியவர்களும், தேயிலைச் செடிக்குள் போன பந்தைத் தேடிக் கொடுத்தவர்களும் நம் லயங்களில்தான் இருந்தார்கள். பை தூக்குபவருக்கு கோல்ஃபில் 'கேடி' என்று பெயர். காவல் நிலையத்துக் கேடிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஆக மைதானம் தெரியும், விளையாட்டும் ஓரளவு தெரியும். தெரியாதது, அதைத் தொழிலாகச் செய்பவர் மேலே ஏறும் வழி. அதற்கு எஸ்டேட் வார்த்தைகளே ரொம்பத் தோதாக இருக்கின்றன.

ஒரு வாரம் எப்படி நடக்கிறது

கோல்ஃபில் குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். 18 குழிகள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடியில் பந்து விழவேண்டும் என்று ஒரு அளவு, அதுதான் 'பார்'. ஒன்று குறைத்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. தொழில்முறைப் போட்டி பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள், நாளுக்கு 18 குழி, மொத்தம் 72.

எல்லாரும் நான்கு நாளும் ஆடுவதில்லை. 144 பேரோ 156 பேரோ தொடங்குவார்கள். வெள்ளி மாலை 36 குழி முடிந்ததும் பட்டியலில் ஒரு கோடு போடுவார்கள். முதல் 65 இடமும், 65-ஆவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடலாம். இதற்குப் பெயர் 'கட்'. கோட்டுக்குக் கீழே நிற்பவருக்குப் பரிசுப் பணம் பூஜ்யம். இரண்டு நாள் ஆடியதற்கு அரை நாள் கூலிகூடக் கிடையாது.

ஒரு அடியின் விலை இங்கேதான் தெரிகிறது. பந்து புதருக்குள் போனால் தேட மூன்று நிமிடம். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் தண்டனையாக ஓர் அடி கூடும். அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்கவும் வேண்டும். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு இப்படி ஒரு பந்து காணாமல் போனால் அந்த வாரமே போச்சு.

கார்டு என்பது செக்ரோல்

எஸ்டேட்டில் வேலை செய்கிற எல்லாரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. செக்ரோல் எனும் வேலையாள் பதிவேட்டில் பேர் ஏறியவருக்கு நாளைக்கும் வேலை உண்டு. தற்காலிக ஆளுக்குக் கூப்பிட்டால்தான் வேலை. கோல்ஃபில் 'டூர் கார்டு' என்பது செக்ரோலில் பேர் ஏறுவது மாதிரி. 'டூர்' என்றால் வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் போட்டிகளின் தொடர். கார்டு வைத்திருப்பவர் அந்த வருடத்துப் போட்டிகளில் ஆட உரிமை பெற்றவர். கையில் பிடிக்கிற அட்டை ஒன்றைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள் என்றாலும் விஷயம் அந்த உரிமைதான்.

அமெரிக்காவில் முதல் படி பிஜிஏ டூர். இரண்டாம் படி இன்று கார்ன் ஃபெர்ரி டூர். பழைய செய்திகளைப் படிப்பவர்கள் இங்கே வழி தவறுவார்கள், ஏனென்றால் விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. 1990-இல் பென் ஹோகன் டூர், 1993-இல் நைக்கி, 2000-இல் பை.காம், 2003-இல் நேஷன்வைட், 2012-இல் வெப்.காம், 2019-இலிருந்து கார்ன் ஃபெர்ரி. எல்லாம் ஒரே ஏணிதான்.

இந்த இரண்டாம் படியில் ஒரு வாரப் போட்டிக்குள் நுழையவே வரிசை உண்டு:

1. போன வருடப் புள்ளிப் பட்டியலில் மேலே ஏறாமலும் கீழே விழாமலும் முதல் 75-க்குள் நின்றவர்கள். இவர்களுக்கு இடம் உறுதி.

2. 'கியூ ஸ்கூல்' எனும் தகுதித் தேர்வில் தேறியவர்கள். பெயரில் ஸ்கூல் இருந்தாலும் பாடம் எதுவும் நடக்காது, பரீட்சை மட்டும். முன்தகுதி, முதல் கட்டம், இரண்டாம் கட்டம், இறுதிக் கட்டம் என்று நீளும். இறுதிக் கட்டத்தில் நன்றாக ஆடியவருக்குச் சில போட்டிகளில் இடம் உறுதி. அவை முடிந்ததும் அதுவரை எடுத்த புள்ளியை வைத்து வரிசையைக் கலைத்து அடுக்குவார்கள். ஜனவரியில் இடம் இருந்தவருக்கு மே மாதம் இடம் இல்லாமல் போகலாம்.

3. போன வாரம் முதல் 25 இடத்துக்குள் முடித்தவர். கார்டு இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் ஆடலாம். அதிலும் 25-க்குள் வந்தால் அதற்கடுத்த வாரம். இப்படித் தொத்திக்கொண்டே சீசனைக் கடத்தியவர்கள் உண்டு.

4. திங்கட்கிழமைத் தகுதிச்சுற்று. ஒரே நாள், 18 குழி, ஏகப்பட்ட பேர், விரல்விட்டு எண்ணும் இடங்கள்.

5. போட்டி நடத்துபவர் அழைப்பு. உள்ளூர்ப் பையன், பெரிய பெயர் என்று யாருக்காவது கொடுப்பார்கள்.

நான்காவது வழியை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். 2010-இல் அர்ஜுன் அத்வாலின் பிஜிஏ டூர் கார்டு பறிபோயிருந்தது. அந்த ஆகஸ்டில் திங்கட்கிழமைச் சுற்றில் ஜெயித்து விண்டம் சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்தார். ஞாயிறன்று கோப்பையையே தூக்கினார். பிஜிஏ டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். திங்கட்கிழமைச் சுற்று வழியாக வந்து ஒருவர் அந்த டூரில் ஜெயித்தது அதற்கு முன் 1986-இல்.

ஜனவரியில் காற்று, பிப்ரவரியில் உயரம்

சீசன் ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் தொடங்கும். அங்கே எதிரி காற்று. 2022-இல் கிரேட் எக்ஸூமா தீவுப் போட்டியில் அமெரிக்க வீரர் அக்‌ஷய் பாட்டியா ஜெயித்தபோது வயது 19. அதன் பிறகு பனாமா, கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி என்று தெற்கே ஒரு சுற்று. வசந்தத்துக்குப் பிறகுதான் அமெரிக்கச் சிற்றூர்கள்.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறு 1,500 சொச்சம். மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்தைப் பிடித்து நிறுத்தும் தடை குறைவதால் அது கூடுதல் தூரம் போகும். மட்டைகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட அடிக்கும் தூரம் குறையும். சமவெளியில் 7-ஆம் எண் மட்டையால் அடிக்கிற தூரத்துக்கு இங்கே 8-ஐயோ 9-ஐயோ எடுக்க வேண்டியிருக்கும். தூரம் கூடுவது லாபம் மாதிரித் தோன்றும், தொல்லையும் அதுதான். வீரரின் உடம்பில் ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தூரம் பதிந்திருக்கும். அந்தக் கணக்கையெல்லாம் நான்கு நாளுக்கு அழித்து எழுதி, அடுத்த வாரம் சமவெளியில் பழையபடி மாற்ற வேண்டும். கடற்கரையில் பழகியவர் மூணாறில் பந்தைக் குழியைச் சுற்றிய புல்தரைக்கு அப்பால் ஓடைக்கு அனுப்பிவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அதே கதை.

கடைசி நான்கு போட்டிகளுக்கு 'ஃபைனல்ஸ்' என்று பெயர். புள்ளி அதிகம், ஆள் குறைவு. முடிவாக பிரெஞ்ச் லிக். அங்கே முதல் 75 பேர் மட்டும், கட் கிடையாது.

புள்ளிப் பட்டியலின் செங்குத்து

சீசனின் மர்மம் எல்லாம் இங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் வருடத்தில் சம்பாதித்த டாலரை வைத்தே வரிசை போட்டார்கள்; பரிசுப் பணமே மதிப்பெண். இப்போது புள்ளி. சாதாரணப் போட்டியில் ஜெயித்தவருக்கு 500, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 190. பத்தாம் இடத்துக்கு 75. ஐம்பதாம் இடத்துக்குக் கிடைப்பது ஒற்றை இலக்கம். ஃபைனல்ஸ் போட்டியில் ஜெயித்தால் 600.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே ஒரு வெற்றிக்கு ஈடாக ஏறக்குறைய ஏழு தடவை பத்தாவதாக வர வேண்டும். பத்துப் போட்டியில் கட் தாண்டி ஐம்பதாவதாக முடித்தவர் சேர்த்த புள்ளி, ஒரு தடவை மூன்றாவதாக வந்து மற்ற ஒன்பதிலும் வெள்ளியன்று வீட்டுக்குப் போனவரின் புள்ளியைத் தொடாது.

தேயிலையில் கொழுந்து சீசன் தெரியும்தானே? மழைக்குப் பின் இலை பொங்கும் அந்தச் சில வாரங்களில்தான் கூடுதல் கிலோக் காசு கையில் நிற்கும். மற்ற மாதங்கள் அடிப்படைக் கூலியில் ஓடும். கோல்ஃபின் இரண்டாம் படியும் அப்படியே. வருடத்தில் இரண்டு மூன்று வாரம் பந்து சொன்னபடி கேட்கும். அந்த வாரங்களில் உச்சிக்குப் போனவர்தான் மேலே ஏறுவார். ஒரு வித்தியாசம்: இங்கே அடிப்படைக் கூலி கிடையாது. அந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மேலே ஏற, பயப்படாமல் கொடியை நோக்கி அடிக்க வேண்டும். அடுத்த வார ஓட்டல் வாடகைக்கு, கட் தாண்டினால் போதும் என்று நடுவாக அடிக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு கணக்கு. இந்த டூரில் திறமைக் குறைவால் தோற்றவர்களைவிட இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டித் தேய்ந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பிரெஞ்ச் லிக்கில் முப்பதாவதாக முடித்தவர், வருடப் பட்டியலில் 18-ஆகவோ 20-ஆகவோ நின்றுவிட்டார், அதனால் அழுகை. நாலாவதாக வந்தவர் 40-ஆம் இடத்திலிருந்து ஏறி வந்து 21-இல் நின்றுபோனார். முதல் 20 பேருக்குத்தான் பிஜிஏ டூர் கார்டு.

ஐம்பது, முப்பது, இருபது

அந்த 20 எப்போதும் 20 ஆக இருந்ததில்லை. 1990-இல் முதல் வருடம் ஐந்தே பேர்தான் மேலே போனார்கள். 2013 முதல் 2022 வரை, சீசன் பட்டியலிலிருந்து 25, ஃபைனல்ஸிலிருந்து 25 என்று 50 கார்டுகள். அந்தக் காலத்தில் கியூ ஸ்கூலிலிருந்து நேராகப் பெரிய டூருக்குப் போகும் வழி மூடப்பட்டிருந்தது. 2023-இல் அந்த வழி கொஞ்சம் திறந்தது, ஐந்து இடம் மாதிரி. கார்ன் ஃபெர்ரி கார்டு 30 ஆனது. 2025-இலிருந்து 20.

காரணம் மேல்படியின் நெருக்கடி. பிஜிஏ டூர் 2026 முதல் முழு உரிமை உள்ளவர்கள் எண்ணிக்கையை 125-இலிருந்து 100 ஆகக் குறைத்தது. போட்டிக்குப் போட்டி ஆள் எண்ணிக்கையையும் குறைத்தது. முன்பெல்லாம் கார்டு வாங்கியும் பல வாரம் ஆட இடம் கிடைக்காமல் புதியவர்கள் காத்துக் கிடந்தார்கள். கார்டுக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். செக்ரோலைச் சுருக்கி, உள்ளே இருப்பவருக்கு வேலையை உறுதி செய்வது போல. உள்ளே இருப்பவருக்கு அது நியாயம்தான். வெளியே வரிசையில் நிற்பவரிடம் கேட்டால் வேறு சொல்வார்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஒரே சீசனில் மூன்று போட்டி ஜெயித்தால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மேலே. 1997 முதல் இந்த விதி. ஐரோப்பாவின் இரண்டாம் படியான சேலஞ்ச் டூரிலும் இதே ஏற்பாடு. 2013-இல் புரூக்ஸ் கோப்கா அங்கே மூன்று ஜெயித்து ஏறினார். 2019-இல் கார்ன் ஃபெர்ரியில் வருடத்தின் சிறந்த வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர். பின்னாளில் உலகின் முதலிடம் அவருக்கு. இரண்டாம் படி என்றதும் இரண்டாம் தர ஆட்டம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைக்கலாம்.

பணம்

போட்டிக்கு மொத்தப் பரிசு ஏறக்குறைய 10 லட்சம் டாலர். ஜெயித்தவருக்கு அதில் 18 சதவீதம், 1,80,000 டாலர். கட் தாண்டிக் கடைசியில் முடித்தவருக்குச் சுமார் 4,000. அதில் விமானம், ஓட்டல், சாப்பாடு, பயிற்சியாளர், கேடியின் வாரக் கூலி, அதன் மேல் பரிசில் அவருடைய பங்கு, வெளிநாட்டுக்காரராக இருந்தால் வரிப் பிடித்தம் எல்லாம் போக வேண்டும். ஜெயித்தால் கேடிக்குப் பத்து சதவீதம், சும்மா கட் தாண்டினால் ஐந்து என்பது வழக்கம். கட் தாண்டாத வாரத்தில் இதே செலவு, வரவு இல்லை. இதனால்தான் பலர் வாரக்கூலிக் கேடியை விட்டுத் தம்பியையோ நண்பரையோ பை தூக்க வைக்கிறார்கள். ஊர்க்காரர் வீட்டு மாடியில் தங்குகிறார்கள்.

இந்தியாவில் ஏணி எங்கே

நம் நாட்டில் 2006-இல் தொடங்கிய பிஜிடிஐ, அதாவது இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உள்ளூரில் அதுதான் முதல் படி. உலகக் கணக்கில் அது வளர்ப்புப் படி. விஷயம் சுருக்கமாக:

1. வருடப் பட்டியலை ரூபாயில் போடுகிறார்கள், அமெரிக்கர்கள் விட்டுவிட்ட பழைய முறை. பல போட்டிகளில் மொத்தப் பரிசு 1 கோடி, ஜெயித்தவருக்கு 15 லட்சம். கட் 50-ஆம் இடத்தில்.

2. பட்டியலில் முதலில் நிற்பவருக்கு ஐரோப்பாவின் டிபி வேர்ல்ட் டூரில் ஆடும் உரிமை. 2023-இல் ஓம் பிரகாஷ் சௌகானும் 2024-இல் வீர் அலாவத்தும் இப்படிப் போனார்கள். ஒரு வருடத்துக்கு ஒரே ஆள். இரண்டாமவருக்கு இந்தக் கதவு இல்லை.

3. கிழக்கே போக ஆசிய டூர். அதன் கீழ்ப்படியாக 2010 முதல் ஆசிய டெவலப்மென்ட் டூர். அதுவும் தன் பட்டியலின் மேல்பகுதிக்குக் கார்டு கொடுக்கிறது.

4. ஐரோப்பாவின் சேலஞ்ச் டூர் 2023-இல் பெங்களூருக்கும் 2024-இல் டெல்லி, கொல்கத்தாவுக்கும் வந்தது. விசா, விமானம் இல்லாமல் நம்மவர்கள் வெளிநாட்டுப் புள்ளி எடுத்த வாரங்கள் அவை. 2025-இலிருந்து அதன் பெயர் ஹோட்டல்பிளானர் டூர். இங்கேயும் பெயர் மாற்றம்தான்.

பை தூக்கியவர்கள் ஏறியதே இல்லையா என்றால், ஏறியிருக்கிறார்கள். கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தியர் ஒருவர் தொழில்முறை வீரராக அதை வென்றது அதுதான் முதல் தடவை. 1993-இல் மறுபடி வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தைத் தட்டினார். ஆனால் இவர்கள் ஊர்களை கவனிக்க வேண்டும். டெல்லி, பெங்களூர்: மைதானம் வீட்டுப் பக்கம், 18 குழி, தொழில்முறைப் போட்டி அந்த மைதானத்துக்கே வரும். பை தூக்கிக்கொண்டே பெரிய ஆட்டக்காரரைப் பக்கத்தில் பார்க்கலாம்.

மூணாற்றில் மைதானம் பக்கத்தில் உண்டு, மற்றவை இல்லை. 9 குழியை இரண்டு தடவை சுற்றினால்தான் 18. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் பந்து ஈரத்தில் பதிந்து கிடக்கும். அடுத்த 18 குழி மைதானம் நேர்கோட்டில் பார்த்தால் பக்கத்து மலையான கொடைக்கானலில், 1895-இல் தொடங்கிய சங்கத்தில். ஆனால் சாலை நேர்கோட்டில் போகாது. போடிமெட்டு இறங்கித் தேனி, வத்தலக்குண்டு சுற்றி மறுபடி மலை ஏற வேண்டும். மற்றபடி கோவை செட்டிபாளையம் அல்லது நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய மைதானம். விதிப்படி ஒருவர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனையும் போட்ட பை, ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும். மறையூர் வழியாக உடுமலை போகிற பஸ்ஸில் அது சீட்டுக்கு அடியில் நுழையாது, மேல் தட்டிலும் நிற்காது. டிரைவருக்குப் பின்னால் நிறுத்தி, சின்னாறு சோதனைச் சாவடி வளைவுகள் முடியும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.